காந்தப் பிளாஸ்மாவில் கொந்தளிப்பு: புதிதாக நுழைபவருக்கு ஒரு வழிகாட்டி

காந்தப்புலம் ஊடுருவிய பிளாஸ்மாவின் (அயனிகளும் எலக்ட்ரான்களுமாகப் பிரிந்த வாயுவின்) கொந்தளிப்பைப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாக வருகிறார்கள். ஒன்று விண்வெளி: சூரியக் காற்று, சூரியனின் கரோனா, விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயு, கருந்துளையைச் சுற்றும் வட்டுகள். மற்றொன்று அணுக்கரு இணைவு: டோகமாக், ஸ்டெல்லரேட்டர் போன்ற வளையக் கருவிகளில் காந்தப்புலத்தால் அடைத்துவைத்த பிளாஸ்மாவின் வெப்பம் ஏன் இவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்ற கேள்வி. எந்த வாசலில் நுழைந்தாலும் முதலில் கையில் கிடைப்பவை ஆய்வுக் கட்டுரைகள். அவற்றில் முதலில் கண்ணில் படுவது ஒரு நிறமாலை (எந்த நீள அளவில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் வரைபடம்), அதன்மேல் ‘மைனஸ் 5/3’ என்று குறித்த ஒரு சாய்கோடு. புதியவர் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்கிறார். வழி தப்புவது அங்கேதான்.

சாய்வைப் பார்ப்பதற்கு முன் மூன்றைக் கேட்க வேண்டும். இது எந்த நீள அளவில்? காந்தப்புலத்துக்கு எந்தத் திசையில்? அளந்த கருவி பிளாஸ்மாவோடு சேர்ந்து நகர்ந்ததா, அல்லது பிளாஸ்மா அதைக் கடந்து ஓடியதா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தால் பாதிக் கட்டுரைகள் தாமாகவே புரிய ஆரம்பிக்கும். கீழே உள்ள வரிசை அதற்காகவே.

முன்தேவை அதிகம் இல்லை. இளநிலை அளவிலான மின்காந்தவியல், திசையன் நுண்கணிதம், ஃபூரியர் மாற்றம், பைதானில் ஒரு வரைபடம் போடும் அளவுக்குப் பழக்கம். குவாண்டம் இயற்பியல் இங்கே அநேகமாகத் தேவைப்படாது.

காந்தப்புலத்தை மறந்துவிட்டுத் தொடங்குங்கள்

முதல் வாரம் சாதாரணத் திரவத்தின் கொந்தளிப்புக்கு. 1941இல் கொல்மகோரொவ் சொன்ன வாதத்தைத் தாளில் நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். பெரிய சுழல்களில் ஆற்றல் நுழைகிறது. அவை உடைந்து சிறியவை ஆகின்றன, அவையும் உடைகின்றன. கடைசியில், பாகுநிலை ஆதிக்கம் செலுத்தும் சிறிய அளவில் ஆற்றல் வெப்பமாகிறது. நடுவில் உள்ள அளவுகளில் ஆற்றல் சேர்வதும் இல்லை, கரைவதும் இல்லை, கைமாறுவது மட்டுமே. ஒரு சுழலின் வேகத்தின் வர்க்கத்தை அது புரள ஆகும் நேரத்தால் வகுத்தால் கைமாறும் வீதம் கிடைக்கும். அது எல்லா அளவிலும் ஒன்றே என்று வைத்தால், வேகம் நீளத்தின் 1/3 அடுக்காக வரும். அதை நிறமாலையாக மாற்றினால் மைனஸ் 5/3. அரைப் பக்கக் கணக்குதான்.

இந்தக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: எல்லாத் திசைகளும் சமம். திரவத்தில் இது நியாயமே. ஒட்டுமொத்தமாக ஒரு சீரான ஓட்டம் இருந்தாலும், நாமும் அதே வேகத்தில் நகர்ந்தபடி பார்த்தால் அது மறைந்துவிடும். சீரான காந்தப்புலத்தை அப்படி மறைக்க முடியாது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது அங்கேயே இருக்கும், மிகச்சிறிய சுழலையும் தொடும். இந்தத் துறை தனியாக நிற்பதற்கு இந்த ஒரு வேறுபாடே அடிப்படை. இதை உள்வாங்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நீளங்களின் பட்டியல் ஒன்று போடுங்கள்

எந்தப் பிளாஸ்மாவைப் படிக்கப் போகிறீர்களோ, அதன் காந்தப்புலம், அடர்த்தி, வெப்பநிலை மூன்றையும் எடுத்துக்கொண்டு முக்கியமான நீளங்களைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சலிப்பான வேலை என்று நிறையப் பேர் தாவிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்யச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பூமியின் தூரத்தில் வீசும் சூரியக் காற்றை எடுத்துக்கொள்வோம். காந்தப்புலம் சுமார் 5 நானோடெஸ்லா, கன சென்டிமீட்டருக்கு 5 புரோட்டான்கள், வெப்பநிலை சுமார் 1 லட்சம் கெல்வின், வேகம் வினாடிக்கு 400 கி.மீ. இவற்றைச் சூத்திரத்தில் போட்டால் காந்தப்புலக் கோட்டைச் சுற்றி ஒரு புரோட்டான் போடும் வட்டத்தின் ஆரம் சுமார் 85 கி.மீ. என்று வரும். எலக்ட்ரானுக்கு ஓரிரு கி.மீ. ஆல்ஃபென் வேகம் (காந்தப்புலக் கோட்டின் வழியே அதிர்வு ஓடும் வேகம்) வினாடிக்குச் சுமார் 50 கி.மீ. பெரிய சுழல்களின் அளவு பத்து லட்சம் கி.மீ. வரிசையில் இருக்கிறது. ஆக, பெரிய சுழலுக்கும் புரோட்டானின் சுழற்சி ஆரத்துக்கும் நடுவே நான்கு பத்தின் மடங்குகள், அதாவது சுமார் பத்தாயிரம் மடங்கு, விரிந்து கிடக்கின்றன. கொல்மகோரொவ் பாணி வாதங்களுக்கு இடம் கொடுப்பது இந்த விரிவுதான்.

இதே பட்டியலில் இன்னொரு எண்ணும் உண்டு. ஒரு புரோட்டான் மற்றொன்றோடு மோதும் முன் கடக்கும் தூரம், ஏறத்தாழ சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள 15 கோடி கி.மீ. அளவுக்கே வந்து நிற்கும். அதாவது மோதலே இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் இதைத் திரவம் என்று எழுதுவது எப்படிச் சரி? நல்ல கேள்வி. புலத்துக்குக் குறுக்கே துகள்களைக் காந்தப்புலமே கட்டிவைக்கிறது. ஆகவே சுழற்சி ஆரத்தைவிட மிகப் பெரிய அளவுகளில் திரவச் சமன்பாடுகள் ஓரளவு தாங்குகின்றன. ஆனால் ஆற்றல் கடைசியில் வெப்பமாவது பாகுநிலையால் அல்ல. துகள்களும் அலைகளும் ஒன்றோடொன்று ஒத்திசைவதாலும், மெல்லிய மின்னோட்டத் தகடுகளாலும், வேறு சில வழிகளாலும் அது நடக்கிறது. எதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் தீராத விவாதம்.

ஒப்பிட்டுப் பார்க்க டோகமாக்குக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். 5 டெஸ்லா புலம், 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வெப்பநிலை என்றால் டியூட்டீரியம் அயனியின் சுழற்சி ஆரம் சுமார் 3 மில்லிமீட்டர். ஐடெர் என்ற டோகமாக்கின் பிளாஸ்மாவுக்குக் குறுக்கு ஆரம் 2 மீட்டர். அங்கே சுழல்கள் சில சுழற்சி ஆரங்கள் அளவே இருப்பதால், ஆற்றல் நுழைவதும் அந்தச் சிறிய அளவிலேயேதான். சூரியக் காற்றில் பழகிய கண்ணோடு டோகமாக் நிறமாலையைப் பார்த்தால் குழம்பிப்போவது இதனால்தான்.

ஓர் அலை, இரண்டு நேரங்கள்

அடுத்தது ஆல்ஃபென் அலை. 1942இல் ஹான்னஸ் ஆல்ஃபென் முன்வைத்தது. காந்தநீரியக்கவியல் (மின்கடத்தும் திரவத்தைக் காந்தப்புலத்தோடு சேர்த்துப் படிக்கும் துறை) பணிக்காக 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காந்தப்புலக் கோடு இழுத்துக் கட்டிய தந்திபோல அதிரும், அந்த அதிர்வு கோட்டின் வழியே ஓடும். அந்தத் துறையின் சமன்பாட்டை நேரியலாக்கி இந்த அலையை வருவியுங்கள். அப்புறம் எல்சாசர் மாறிகளுக்கு மாறுங்கள்: திசைவேகத்தோடு, வேகத்தின் அலகுக்கு மாற்றிய காந்தப்புலத்தைக் கூட்டினால் ஒன்று, கழித்தால் மற்றொன்று. ஒன்று புலத்தின் திசையில் ஓடும் அலைகளைச் சொல்லும், மற்றது எதிர்த் திசையில் ஓடுபவற்றை. சமன்பாட்டை இந்த வடிவில் எழுதிப் பார்த்தால் உடனே கண்ணில் படும் செய்தி: ஒரே திசையில் ஓடும் அலைகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. எதிரெதிராக வருபவை சந்தித்தால்தான் கொந்தளிப்பு.

இதிலிருந்து இரண்டு நேரங்கள் பிறக்கின்றன. எதிரெதிர் அலைகள் ஒன்றையொன்று கடக்க ஆகும் நேரம் ஒன்று. ஒரு சுழல் புலத்துக்குக் குறுக்கே புரள்வதற்கு ஆகும் நேரம் இன்னொன்று. இந்தத் துறையின் பெரிய வாதங்கள் முக்கால்வாசியும் இந்த இரண்டின் ஒப்பீடுதான்.

இரோஷ்னிகோவ் 1963லும் கிரைக்னன் 1965லும் தனித்தனியே எடுத்துக்கொண்டது கடக்கும் நேரம் மிகக் குறைவு என்ற நிலை. ஒரு சந்திப்பில் சிறிது சிதைவுதான், பல சந்திப்புகள் சேர்ந்தால்தான் சுழல் உடையும். விடை மைனஸ் 3/2. ஆனால் திசைகள் சமம் என்ற பழைய அனுமானத்தை அவர்கள் விடவில்லை. 1995இல் கோல்ட்ரைக்கும் ஸ்ரீதரும் அதை விட்டார்கள். வலுவான கொந்தளிப்பில் இரண்டு நேரங்களும் எல்லா அளவிலும் ஏறத்தாழ சமமாகவே நிற்கும் என்றார்கள். இதற்கு மாறுநிலைச் சமநிலை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இதன்படி புலத்துக்குக் குறுக்கான நிறமாலை மைனஸ் 5/3. சுழலின் நீளம் அதன் அகலத்தின் 2/3 அடுக்காகப் போகும். சிறிதாக ஆக ஆகச் சுழல்கள் புலத்தின் வழியே மேலும் மேலும் நீண்டு மெலியும். புல வழியே அளந்த நிறமாலை மைனஸ் 2.

கதை அதோடு முடியவில்லை. 2006இல் போல்டிரெவ், திசைவேக அதிர்வும் காந்தப்புல அதிர்வும் சிறிய அளவுகளில் ஒரே கோட்டை நோக்கித் திரும்புகின்றன, அதனால் சிதைவு தளர்கிறது என்றார். விடை மறுபடியும் மைனஸ் 3/2! 1965ஆம் ஆண்டின் எண்ணும் 2006ஆம் ஆண்டின் எண்ணும் ஒன்று, ஆனால் பின்னால் உள்ள இயற்பியல் முற்றிலும் வேறு. சாய்வை மட்டும் வைத்துக் கொள்கையை நிரூபிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தவிர, 5/3க்கும் 3/2க்கும் உள்ள வித்தியாசம் 1/6 மட்டுமே. அலை எண் (நீளத்தின் தலைகீழ்) பத்து மடங்கு கூடும்போது இரு கோடுகளும் சுமார் ஒன்றரை மடங்குதான் விலகும். இந்தச் சண்டையில் புதியவர் தலையிட வேண்டியதில்லை. சுழல்களின் வடிவத்தைப் பாருங்கள், அதில் விஷயம் அதிகம்.

ஓர் எச்சரிக்கையோடு. ‘புலத்தின் திசை’ என்றால் எந்தப் புலம்? முழுப் பெட்டிக்கும் சராசரி எடுத்த புலமா, அந்தச் சுழலைச் சுற்றியுள்ள உள்ளூர்ப் புலமா? சுழலுக்குத் தெரிவது உள்ளூர்ப் புலம் மட்டுமே. ஒட்டுமொத்தச் சராசரியை வைத்து அளந்தால் 2/3 அடுக்கு கரைந்துவிடும், நீளமும் அகலமும் ஒரே விகிதத்தில் போவதுபோலத் தெரியும். சூரியக் காற்றில் மைனஸ் 2 சாய்வு தெளிவாகப் பிடிபட்டது, 2008இல் ஹார்பரி குழு அலைத்துளி (wavelet) முறையால் உள்ளூர்ப் புலத்தைத் தொடர்ந்தபோதுதான்.

உண்மையான தரவில் ஒரு நிறமாலை

சரி, இப்போது கை அழுக்காகும் நேரம். நாசாவின் சிடிஏவெப் (CDAWeb) தளத்தில் விண்கலங்களின் காந்தப்புலத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 1994இல் ஏவிய ‘விண்ட்’ விண்கலம் தொடக்கத்துக்கு நல்ல தேர்வு. நீண்ட காலத் தரவு, நன்றாக ஆராயப்பட்டது. பைதானில் பைஸ்பெடாஸ் (PySPEDAS) என்ற நூலகம் பதிவிறக்குவதையும் கோப்பைத் திறப்பதையும் பார்த்துக்கொள்ளும்.

ஒரு நாள் நீளமுள்ள, அமைதியான ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். அதிர்ச்சி அலையோ சூரிய வெடிப்பின் மேகமோ குறுக்கிட்ட நாள் வேண்டாம். வேகத்தையும் அடர்த்தியையும் முதலில் வரைந்து பார்த்தால் திடீர்த் தாவல்கள் தெரிந்துவிடும். தரவு இல்லாத இடங்களில் கோப்பில் மைனஸ் 1இன் பின்னே 31 சுழியங்கள் என்ற பொய்யெண் நிரப்பியிருக்கும். அதை நீக்காமல் ஃபூரியர் மாற்றம் எடுத்தால் வரும் நிறமாலை அந்தப் பொய்யெண்ணின் நிறமாலை. சிறிய இடைவெளிகளை நேர்கோட்டால் நிரப்பலாம். பெரிய இடைவெளி இருந்தால் வேறு நாளைத் தேடுங்கள்.

புலத்தின் மூன்று கூறுகளுக்கும் தனித்தனியே, தரவைத் துண்டுகளாக்கிச் சராசரி எடுக்கும் வெல்ச் முறையில் திறன் நிறமாலை எடுத்து மூன்றையும் கூட்டுங்கள். புலத்தின் மொத்த வலிமைக்கும் தனியாக ஒன்று எடுத்து, இரண்டையும் ஒரே படத்தில் போடுங்கள். வலிமையின் நிறமாலை கூறுகளின் நிறமாலைக்கு வெகு கீழே கிடக்கும். புலம் முக்கியமாகத் திசை மாறுகிறது, அமுங்குவதும் விரிவதும் குறைவு என்பதை ஒரே பார்வையில் காட்டும் படம் அது. ஆல்ஃபென் அலைகளை வைத்துப் பேசுவதற்கான நியாயமும் அதுவே.

இப்போது கிடைமட்ட அச்சு. நீங்கள் அளந்தது அதிர்வெண். கொள்கை பேசுவது அலை எண்ணை. காற்றின் வேகம் அலைகளின் வேகத்தைவிட மிக அதிகம் என்பதால், உறைந்த ஒரு படம் கருவியைக் கடந்து ஓடுவதாக எடுத்துக்கொள்கிறோம். டெய்லரின் கருதுகோள் என்பது இதுதான். 0.01 ஹெர்ட்ஸ் என்றால் 400 கி.மீ. வேகத்தில் 40,000 கி.மீ. நீளம். 85 கி.மீ. சுழற்சி ஆரத்துக்கு ஈடான அலை எண் 0.75 ஹெர்ட்ஸ் அருகே விழும். உங்கள் நிறமாலை ஏறத்தாழ அந்தப் பக்கத்தில்தான் செங்குத்தாக முறிந்து மைனஸ் 2.8 வரை சாயத் தொடங்கும். சுவரில் ஒட்டிய பட்டியல் இங்கே பலன் தருகிறது.

டெய்லரின் கருதுகோளை எங்கும் நம்பிவிட வேண்டாம். 2018இல் புறப்பட்ட பார்க்கர் விண்கலம் 2021 ஏப்ரல் 28 அன்று, காற்றின் வேகம் ஆல்ஃபென் வேகத்தைவிடக் குறையும் பகுதிக்குள் முதல்முறை நுழைந்தது. அங்கே ‘உறைந்த படம்’ என்ற வாதத்துக்கு ஆதாரம் ஆட்டம் காண்கிறது. அதே கலத்தின் தரவில் சூரியனுக்கு அருகே காந்தப்புல நிறமாலை 3/2ஐ ஒட்டியும், விலகிப் போகப் போக 5/3ஐ ஒட்டியும் இருப்பது தெரிந்தது. சாய்வே இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால் ‘சூரியக் காற்றின் சாய்வு எவ்வளவு’ என்ற கேள்வியையே கொஞ்சம் திருத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

நேரம் இருந்தால் இன்னொரு படி. புரோட்டானின் வேகத் தரவை எடுத்துக்கொண்டு காந்தப்புலத்தை வேக அலகுக்கு மாற்றுங்கள்: நானோடெஸ்லாவில் உள்ள எண்ணை 21.8ஆல் பெருக்கி, அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வினாடிக்கு கி.மீ.யில் வரும். இரண்டையும் ஒரே நேரப் புள்ளிகளுக்குக் கொண்டுவந்து எல்சாசர் மாறிகளைக் கணக்கிட்டால், வேகமான காற்றில் சூரியனிலிருந்து வெளியே ஓடும் அலைகளே மேலோங்கியிருப்பது தெரியும். அலைகள் எதிரெதிரே சந்தித்தால்தான் கொந்தளிப்பு என்றோமே, பின்னே எதிரலை எங்கிருந்து வருகிறது? இதற்கு நூல்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் உண்டு.

கணினியில் ஒரு பெட்டி

கணினி உருவகப்படுத்தலுக்கு முதல் பயிற்சி ஓர்சாக்–டாங் சுழல், 1979இலிருந்து எல்லாரும் ஓட்டிப் பார்க்கும் இருபரிமாணச் சோதனை. 256க்கு 256 கட்டம் மடிக்கணினியிலேயே ஓடும். டெடாலஸ் போன்ற திறந்த மூலக் கருவியில் சமன்பாட்டை ஏறத்தாழ அப்படியே எழுதலாம். மென்மையான தொடக்கத்திலிருந்து கூர்மையான மின்னோட்டத் தகடுகள் தாமாக உருவாவதைப் பார்ப்பீர்கள்.

படம் அழகாக வந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். பாகுநிலையும் மின்தடையும் கரைத்த ஆற்றலைக் கூட்டிக்கொண்டு மொத்தம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டத்தை இரட்டித்து மறுபடி ஓட்டுங்கள். பெருக்கல் உறுப்புகளில் உயர் அலை எண்கள் பொய்யாக மடிந்து வராமல், மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டும் விதியைப் பயன்படுத்துங்கள். பாகுநிலைக்குப் பதில் உயர்வரிசை உறுப்பு போட்டால் நிறமாலையின் நடுப்பகுதி நீளும், ஆனால் முடிவில் ஒரு மேடு முளைக்கும். அந்த மேட்டின் ஏறுமுகத்தைச் சேர்த்துச் சாய்வு அளந்தால் எந்த விடை வேண்டுமோ அந்த விடை கிடைத்துவிடும்.

இருபரிமாணத்தில் காந்தப்புலம் தொடர்ந்து தன்னைத் தானே வளர்த்துக்கொள்ள முடியாது என்பது 1957இலேயே ஸெல்டோவிச் காட்டியது. டைனமோவில், அதாவது இப்படிப் புலம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்வதில், ஆர்வம் இருந்தால் முப்பரிமாணம்தான் வழி. அங்கே கட்டத்தை ஒருமுறை இரட்டித்தால் செலவு 16 மடங்கு: புள்ளிகளுக்கு 8, சிறுத்த நேரப்படிக்கு 2.

இணைவின் பக்கம் போகிறவர்களுக்கு

இங்கே ஓட்டுவது வெப்பநிலைச் சரிவு. நடுவில் பத்துக் கோடி கெல்வினுக்கு மேல், சுவரருகே அதில் சிறு பங்கு. அந்தச் சரிவு ஓர் எல்லையைத் தாண்டினால் அலைகள் தாமாக வளர்ந்து வெப்பத்தை வெளியே கொண்டுபோகின்றன. ஆகவே சாய்வைவிட, எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்பதே முதல் கேள்வி.

தொடங்க ஏற்றது 1983ஆம் ஆண்டின் ஹசெகாவா–வகடானி மாதிரி. அடர்த்திக்கு ஒன்று, சுழிப்புக்கு (ஓட்டம் சுழலும் அளவுக்கு) ஒன்று என்று இருபரிமாணத்தில் இரண்டே சமன்பாடுகள். அவற்றை இணைக்கும் ஒரு மாறிலியைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். எலக்ட்ரான்களின் எதிர்வினையிலிருந்து மண்டலச் சராசரியை நீக்கிய திருத்திய வடிவத்தில், கொந்தளிப்பிலிருந்தே மண்டல ஓட்டங்கள் (பட்டைபட்டையாக எதிரெதிர்த் திசைகளில் ஓடுபவை) எழுந்து அந்தக் கொந்தளிப்பையே வெட்டி அடக்குவதைக் காணலாம். ஓட்டங்களால் கொந்தளிப்பு அடங்குவது வெறும் கணினி விளையாட்டு அல்ல. 1982இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் கருவியில் பிளாஸ்மா திடீரென்று நன்றாக அடைபட்ட நிலைக்குத் தாவியது; விளிம்பில் வெட்டியோடும் ஓட்டம் கொந்தளிப்பை அடக்குவதே அதற்குக் காரணம் என்று இன்று பரவலாக ஏற்கப்படுகிறது.

அதன் பிறகு சுழற்சி இயக்கவியல். துகளின் வேகமான சுற்றலைச் சராசரியாக்கி ஆறு பரிமாணங்களை ஐந்தாகக் குறைக்கும் முறை இது. ஜிஎஸ்2 போன்ற திறந்த மூல நிரலை நிறுவியதும் சொந்தப் பிரச்சினையை ஓட்ட வேண்டாம். ‘சைக்ளோன்’ என்று பெயர்பெற்ற பொதுச் சோதனை நிலையை ஓட்டுங்கள். அதில் டோகமாக் வளையத்தின் பெரிய ஆரத்தை வெப்பநிலைச் சரிவின் நீளத்தால் வகுத்த எண் 6.9. இந்த எண்ணைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நேரியல் கணக்கு 4 அருகேதான் அலை வளர்வதை நிறுத்தும். முழுக் கணக்கில் 6 அருகிலேயே வெப்ப ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும், இடைப்பட்ட பகுதியை மண்டல ஓட்டங்கள் அடக்கிவைத்திருப்பதால். 2000இல் டிமிட்ஸும் பலரும் சேர்ந்து வெளியிட்ட ஒப்பீட்டில் வந்த இந்த இடைவெளி உங்கள் ஓட்டத்திலும் வர வேண்டும். 5 என்று வைத்து ஓட்டும்போது அவசரப்படாதீர்கள். தொடக்கத்தில் வெப்ப ஓட்டம் மளமளவென்று ஏறி ஓர் உச்சத்தைத் தொடும், மண்டல ஓட்டங்கள் வளர்ந்து அதை இறக்குவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சராசரி எடுப்பது அது இறங்கி நிலைத்த பிறகு.